பொழுது சாய்ந்த பிறகு வந்த ஆர்டர்கள்

“அப்போ நைட்டு டிபன் ஆர்டரெல்லாம் காத்துல போச்சா?”

“அத எங்கிட்ட எதுக்குண்ணே கேக்கறீங்க? ஸ்கிரீன்ல வந்தா நான் ஊத்துவேன். வரலன்னா இன்னா பண்றது? ரூம் ரூமா போயி கதவத் தட்டி, பசிக்குதாங்கன்னு கேக்கட்டுமா?”

“வாயக் கம்மி பண்ணு அருணா.”

“ஏன் கம்மி பண்ணணும்? காலைல ஆர்டர் வருது. மத்தியானம் வருது. நைட்டு மட்டும் வரல. நைட்டு ரிசப்ஷன்ல யாரு உக்காந்திருக்காங்க? எதிர்ல யாரோட மெஸ்ஸு இருக்குது? இதுக்கு மேல நான் வாயத் தொறந்து சொல்லணுமா?”

எழிலரசி மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் மேல்மாடி ரூம்களின் சாவிக்கொத்து. அது சத்தம் போடாமல் இருக்க விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கீழே சமையல்கட்டில் பேசிக்கொண்டிருந்தது லாட்ஜ் முதலாளி சுப்பிரமணியும், சமையல் பார்க்கும் அருணாதேவியும். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எழிலரசிக்குத் தெரியாமல் இல்லை. மத்தியானத்திலிருந்து ராத்திரி கடை கட்டும் வரை ரிசப்ஷனில் உட்காருகிறவள் அவள்தான். எதிர்ச்சாரியில் ராமன் மெஸ் நடத்துவது அவள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன்.

கிரிவலப் பாதையிலிருந்து செங்கம் ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது வெண்ணிலா லாட்ஜ். பௌர்ணமி என்றால் படுக்க இடம் இருக்காது. மற்ற நாளில் பாதி ரூம் காலியாகக் கிடக்கும். முன்பெல்லாம் சாப்பாடு வேண்டும் என்றால் ரூமிலிருந்து போன் போட்டுச் சொல்வார்கள், எழிலரசி அதைச் சமையல்கட்டுக்குக் கத்திச் சொல்வாள். சுப்பிரமணிக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு எல்லார் மேலும் ஒரு கண். வாய் வழியாகப் போவது கணக்கில் நிற்காது, நடுவில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம் என்பார். அதனால் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஜினேஷ் என்ற பையனைப் பிடித்து ஆன்லைன் ஃபாரம் ஒன்று போடச் சொன்னார். பையன் என்றாலும் கல்யாணமாகிப் பெண் குழந்தை இருக்கிறது.

ஒவ்வொரு ரூம் கதவின் உள்பக்கமும் ஒரு கியூஆர் கோடு ஒட்டினார்கள். போனைக் காட்டினால் ஃபாரம் திறக்கும். பெயர், போன் நம்பர், ரூம் நம்பர், என்ன வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும். தட்டி அனுப்பினால் சமையல்கட்டு ஸ்கிரீனில் மணி அடிக்கும், ரிசப்ஷன் போனிலும் வரும்.

ஃபாரம் போட்ட அன்றைக்கு ஜினேஷ் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னான். “கண்டதும் உள்ள வராது சார். போன் நம்பர்ல ஒரு எண்ணு கொறஞ்சாலும் செவப்பு எழுத்துல தப்புன்னு காட்டும். இல்லாத ரூம் நம்பரப் போட்டா ஏத்துக்காது. முடிஞ்சு போன நேரத்தப் போட்டா ஏத்துக்காது. எங்க வேலையில முதல் பாடமே இதுதான் சார். வர்றவன் தட்டறத அப்படியே நம்பக் கூடாது. எல்லாரும் தப்பாத்தான் போடுவாங்கன்னு நெனச்சுத்தான் ஃபாரமே கட்டணும்.”

சுப்பிரமணிக்கு முகமெல்லாம் பல். “நான் இந்த லாட்ஜயே அப்படித்தானே தம்பி நடத்தறேன்.”

ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த ஃபாரம் வந்ததிலிருந்து இரவு டிபன் ஆர்டர் சுத்தமாகப் படுத்துவிட்டது. காலைப் பொங்கலுக்கு வருகிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறது. இரவு இட்லிக்கும் சப்பாத்திக்கும் எப்போதோ ஒன்று. ரூமில் இருப்பவர்களோ கீழே இறங்கி வந்து சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் ஆர்டர் போட்டோம், நன்றி என்று வந்தது, சாப்பாடு எங்கே என்கிறார்கள். எழிலரசி போனைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

ஆரம்பத்தில் அவள் சந்தேகப்பட்டது வந்தவர்களைத்தான். பசி வந்ததும் ஓடி வந்து, முன்னாடியே சொன்னோம் என்று பொய் சொல்கிறார்கள், அப்போதுதான் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்தாள். போன பௌர்ணமிக்கு வளவன் என்று ஒருத்தர் வந்திருந்தார். கூட அவர் அம்மா, சர்க்கரை உள்ளவர். நேரத்துக்குச் சாப்பிடணும்மா, ஏழரைக்குப் போட்டேனே என்று போனை நீட்டிக் காட்டினார். ‘நன்றி, உங்கள் ஆர்டர் பதிவானது’ என்று மட்டும் இருந்தது. மணியும் இல்லை, ரூம் நம்பரும் இல்லை.

“இது மத்தியானம் போட்டதா இருக்கும் சார். இல்லாதத இருக்குன்னு சொல்லாதீங்க” என்றாள் எழிலரசி.

அந்த மனிதர் முகம் சுண்டிப் போய்விட்டது. மேலே மாடியில் அந்த அம்மா படுத்திருக்கிறார் என்பது நினைவு வந்ததும் இவளுக்கே மனசு கேட்கவில்லை. “எதிர்ல மெஸ்ஸு இருக்குது சார், அங்க உடனே கெடைக்கும், போயிட்டு வந்துடுங்க” என்று அனுப்பினாள்.

அதுதான் வினையாகிவிட்டது. அவர் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிவிட்டார். ஆர்டரை வாங்கிக்கொண்டு சாப்பாடு தருவதில்லை, ரிசப்ஷன் பெண் எதிர் மெஸ்ஸுக்குப் போகச் சொல்கிறாள், ஜாக்கிரதை என்று. சுப்பிரமணி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கழற்றிவிட்டு எழிலரசியைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி ரிசப்ஷனுக்கு நேர் மேலே ஒரு கேமரா வந்தது.

எழிலரசியின் சந்தேகம் அதன் பிறகு அருணாதேவி பக்கம் திரும்பியது. அருணாதேவி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இருட்டுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடத்தான் பார்ப்பாள். ஸ்கிரீனில் வருவதை அவளே அழித்துவிட்டால்? இதை எழிலரசி முதலாளியிடம் சொல்லியும் வைத்தாள். அவர் அதைச் சமையல்கட்டில் போட்டு உடைத்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கு இந்தச் சண்டை.

அவள் படியிறங்கி உள்ளே போனாள். அருணாதேவி கரண்டியை டொக்கென்று வைத்தாள்.

“வந்துட்டாங்க மகாராணி. கேளுங்கண்ணே, நேராவே கேளுங்க.”

“நான் எதையும் எங்கேயும் தள்ளல” என்றாள் எழிலரசி. “உன்ன மாதிரி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அழிச்சுட்டுப் போறவ இல்ல நான்.”

“யாருடி அழிச்சா? எனக்கு அந்தப் பொட்டிய ஆன் பண்ணவே தெரியாது!”

“அடச்சீ, நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்றார் சுப்பிரமணி. “எழிலு, நான் அந்தப் பையன்கிட்ட போன் பண்ணிப் பண்ணிக் கேட்டுட்டேன். ஒவ்வொரு தபாவும் வேங்கிக்கால்ல உக்காந்துகிட்டே ஒரு ஆர்டர் போட்டுக் காட்டறான். நைட்டு டிபனுக்குத்தான் போடறான். டாண்ணு மணி அடிக்குது. அவன் போட்டா வருது, ரூம்ல இருக்கறவன் போட்டா வரலன்னா, நடுவுல ஒரு கை இருக்குதுன்னுதானே அர்த்தம்?”

“என் கை இல்லீங்க.”

“பௌர்ணமிக்கு அவன நேர்ல வரச் சொல்லியிருக்கேன். பக்கத்துலயே உக்காரட்டும். அன்னிக்கும் இதே கதைன்னா, நீ மறுநாள்லருந்து வர வேணாம்மா. ஏன்னு ஊரு கேட்டா, நான் சொல்ல வேண்டியதச் சொல்லிக்கறேன்.”

அவளுக்கு உறைத்தது கடைசி வார்த்தைதான். வேலை போனால் இன்னொரு வேலை. ஊரெல்லாம் லாட்ஜ்தான். ஆனால் ஒரு லாட்ஜில் கை நீளம் என்று பெயர் எடுத்தவளை இன்னொரு லாட்ஜில் சேர்க்க மாட்டார்கள். இந்த ஊரில் லாட்ஜ் முதலாளிகள் எல்லாரும் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள்.

பௌர்ணமி அன்று மத்தியானமே ரூம் எல்லாம் நிரம்பிவிட்டது. ரோட்டில் பஸ்ஸும் வேனும் ஊர்ந்தன. ஜினேஷ் தோளில் லேப்டாப் பையோடு வந்து, எழிலரசிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சுப்பிரமணி இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரிசப்ஷன் போனை மேஜை நடுவில் வைக்கச் சொன்னார்.

“யாரும் தொடக் கூடாது.”

“நான் தொடல” என்று எழிலரசி இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது.

ஜினேஷ் லேப்டாப்பைத் திறந்தான். “மொதல்ல டெஸ்ட் பண்ணிடலாம் சார்.” பெயர், நம்பர், ரூம் எல்லாம் தட்டினான். இரவு டிபன், இட்லி, ஐந்தரை மணி. அனுப்பினான். மேஜை மேல் போன் துள்ளியது. உள்ளே சமையல்கட்டில் மணி அடித்தது.

“பாருங்க சார், பக்காவா வேலை செய்யுது.”

சுப்பிரமணி ஃபாரத்தைப் பார்க்கவில்லை. எழிலரசியைப் பார்த்தார். அவளுக்கு இந்தப் பையன் மேலேயே இப்போது சந்தேகம் வந்தது. முதலாளியும் இவனும் பேசி வைத்துக்கொண்டு தன்னை அனுப்பப் பார்க்கிறார்களோ? அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு ஜோடனை தெரிகிற முகமும் இல்லை.

ஐந்தரைக்கு அருணாதேவி தட்டில் இட்லியோடு வந்தாள். “டெஸ்ட்டுன்னா இன்னா, டூப்புன்னா இன்னா, எனக்கு மணி அடிச்சா ஊத்திடுவேன். சாப்பிடு தம்பி.”

“சாம்பார்ல வெங்காயம் இருக்குமாக்கா?”

“இல்லாம?”

“அப்போ வெறும் பொடி போதும்க்கா.” அவன் ரோட்டுப் பக்கம் வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகவேகமாகச் சாப்பிட்டுக் கை கழுவினான்.

வெளிச்சம் மங்கி, ரோட்டு விளக்குகள் எரிந்தன. கீழ் ரூமிலிருந்து பாஞ்சாலை என்று ஒரு அம்மா போனோடு வந்தார். விழுப்புரத்துப் பக்கம். வீட்டுக்காரரும் மகளும் கிரிவலம் போயிருக்கிறார்கள், இவருக்கு முட்டி வலி, ரூமிலேயே இருந்துவிட்டார்.

“இந்த சப்பாத்திக்கு இதுலதான் போடணுமாம்மா? அவங்க திரும்பி வந்ததும் எட்டு மணிக்கு வேணும். எனக்கு இது வெளங்கல.”

எழிலரசிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “இங்கயே, எல்லார் முன்னாடியும் போடுங்கம்மா. சார், நீங்களும் பாருங்க. நான் கைய எடுக்கல.”

அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தட்டினார். போன் நம்பரில் ஒரு எண்ணை விட்டுவிட்டார். உடனே சிவப்பு எழுத்து வந்தது. “பாத்தீங்களா, எப்படிப் புடிக்குது!” என்றான் ஜினேஷ். சரி செய்து, எட்டு மணி என்று போட்டு, அனுப்பினார்.

‘நன்றி, உங்கள் ஆர்டர் பதிவானது.’

மேஜை மேல் போன் அசையவில்லை. சமையல்கட்டிலும் சத்தம் இல்லை. அருணாதேவி வாசலில் வந்து நின்று, “இன்னா, போட்டாச்சா?” என்றாள்.

சுப்பிரமணி எழிலரசியின் கைகளைப் பார்த்தார். அவை மேஜை மேலேயே இருந்தன. பிறகு அருணாதேவியைப் பார்த்தார். அவள் ஸ்கிரீனைவிட்டு எட்டி நின்றாள். கடைசியில் ஜினேஷைப் பார்த்தார்.

“யூசர் ஏதாவது தப்பா…” என்று ஆரம்பித்தான் அவன்.

“இன்னா யூசரு? நீதானே பக்கத்துல இருந்து பாத்த!” என்றார் பாஞ்சாலை. “நன்றின்னு வந்துச்சு. நன்றிய எட்டு மணிக்குத் தட்டுல போட்டுத் தருவியா?”

அருணாதேவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜினேஷ் அவசரமாகத் தன் லேப்டாப்பில் அதையே தட்டினான். சப்பாத்தி, எட்டு மணி. நன்றி வந்தது. மணி வரவில்லை. மறுபடி தட்டினான். வரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது. “அப்போ மட்டும் வந்துச்சே… எப்பவும் வருதே…”

“போதும் விடு தம்பி” என்றாள் அருணாதேவி, கொஞ்சம் பரிதாபமாக. “நீ அப்பவே அரகொறையா சாப்பிட்ட. எட்டு மணிக்கு உனக்கும் ரெண்டு சப்பாத்தி சேத்துப் போடறேன். உக்காரு.”

“வேணாம்க்கா. பொழுது போயிட்டா நாங்க சாப்பிட மாட்டோம். எங்க வீட்டுல யாருமே…”

வாய் பாதியில் நின்றது. கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

எழிலரசி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதமாக அவள் பார்க்கக் காத்திருந்த முகம் அது. தப்பு எங்கே என்று தெரிந்துகொண்டவனின் முகம்.

“என்னாச்சு?” என்றாள்.

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். உள்ளே ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். கீழே கீழே இறக்கினான். ஒரு வரியில் நிறுத்தி, “ஐயோ” என்றான்.

அவன் சொன்னது இதுதான். ஜினேஷ் நயினார் வீட்டுப் பையன், தமிழ் ஜைனர். அவர்கள் பக்கத்து மலைக் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக்கு முதன்முதலில் இதே மாதிரி ஃபாரம் போட்டுக் கொடுத்தது இவன்தான். அந்த ஃபாரத்தில் இணையத்திலிருந்து குப்பை குப்பையாகப் பொய் ஆர்டர் வந்து விழுந்ததாம், ஆளே இல்லாமல், மெஷினே அனுப்புகிறது. அதைப் பிடிக்க ஒரு சுலப வழி கண்டுபிடித்தான். அங்கே தங்குகிற ஜைனர் யாரும் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். அதனால் ஆறு மணிக்கு மேல் சாப்பாடு கேட்டால் அது மனுசன் இல்லை, குப்பை. வெளியே நன்றி என்று காட்டிவிடு, உள்ளே சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடு. தப்பு என்று சொன்னால் பொய்யாக அனுப்புகிறவன் நேரத்தை மாற்றிப் போட்டுவிடுவான், அதனால் சொல்லாதே. லாட்ஜ் ஃபாரத்தை அந்த ஃபாரத்திலிருந்துதான் எடுத்துச் செய்தான். பெயரை மாற்றினான், கலரை மாற்றினான், ரூம் நம்பரை மாற்றினான். இது கண்ணில் படவில்லை.

“டெஸ்ட் பண்ணியே, அப்போ?” என்றார் சுப்பிரமணி.

“ராத்திரி சாப்பாடுன்னா என் கை தன்னால அஞ்சரைன்னுதான் சார் போடுது. எங்க வீட்டு நேரம் அது. வேற நேரம் போட்டுப் பாக்கணும்னு தோணவே இல்ல.”

எழிலரசிக்கு வளவன் நினைவுக்கு வந்தார். இல்லாததை இருக்கு என்று சொல்லாதீங்க என்று அவரிடம் சொன்னது காதிலேயே கேட்டது. “அந்த ஆர்டரெல்லாம் எங்கயாவது இருக்குதா ஜினேஷ்? பேரு, நம்பரு?”

“இல்லக்கா. அழிஞ்சுடும். குப்பைய எதுக்கு வெச்சுக்கணும்னு…”

“குப்பை” என்றாள் எழிலரசி.

அவன் அந்த வரியை எடுத்துவிட்டான். பாஞ்சாலை மறுபடி தட்டினார். போன் துள்ளியது, உள்ளே மணி அடித்தது. “நான் ஏற்கெனவே போட்டதும் சேத்துக் கணக்குல ஏறிடப் போவுது, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டே ரூமுக்குப் போனார். அதற்குள் இன்னொரு மணி, இன்னொன்று. அருணாதேவி ஓடினாள். மாவு பற்றாது, சப்பாத்தி தேய்க்க ஆள் வேண்டும் என்று உள்ளேயிருந்து கத்தினாள். எழிலரசிதான் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தேய்த்தாள்.

“நீ என்னப் பத்தி அவருகிட்ட சொன்னல்ல?” என்றாள் அருணாதேவி, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீயும்தான் என்னப் பத்தி சொன்ன.”

“சொன்னேன். எனக்கு அப்படித்தான் தோணுச்சு.”

“எனக்கும் அப்படித்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. சப்பாத்தி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் அடங்கினதும் எழிலரசி ரிசப்ஷனுக்கு வந்தாள். சுப்பிரமணி நல்ல மனநிலையில் இருந்தார்.

“பாத்தியா, மெஷின் தப்பு. நான் அப்பவே நெனச்சேன்.”

“என்மேல சொன்னதுங்க?”

“நான் எங்கம்மா சொன்னேன்? கேட்டேன். முதலாளின்னா கேக்கத்தானே செய்வான்? போ, போய் வேலையப் பாரு.”

அவள் சாவிக்கொத்தை எடுக்க மேஜைக்குப் பின்னால் போனாள். வெளிவாசலில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்த ஜினேஷிடம் முதலாளி குனிந்து சொன்னது அங்கேயே கேட்டது. “தம்பி, நைட்டு யாரு யாரு எதிர் மெஸ்ஸுக்கு போன் பண்றாங்கன்னு ரிசப்ஷன் போன்ல புடிக்கிற மாதிரி எதனா ஒண்ணு போட முடியுமா? சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு.”

ஜினேஷ் என்ன பதில் சொன்னான் என்று வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. எழிலரசி தலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். அதைக் கழற்றப் போவதில்லை என்று புரிந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் அண்ணன் ராமன் வீட்டுக்கே வந்துவிட்டார். நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “அந்தாளுகிட்ட இன்னும் எதுக்கும்மா? மெஸ்ஸுல கல்லாவுல வந்து உக்காரு. உன்ன யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க” என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் எழிலரசிக்கு அங்கேதான் சிக்கல். எதிர்ச்சாரியில் போய் உட்கார்ந்த அடுத்த நிமிடம், பாத்தீங்களா, நான் சொன்னது நிஜம்தான் என்று சுப்பிரமணி டீக்கடையில் சொல்வார். ஃபாரத்தில் இருந்த தப்பு யாருக்கும் புரியாது. அவள் ரோட்டைத் தாண்டிப் போனது எல்லாருக்கும் புரியும். இங்கேயே இருந்தால், தப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கண் அவள் மேலேயே இருக்கும்.

வேலையில் நீடிப்பதா என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவள் சுப்பிரமணியிடமும் ராமனிடமும் சொல்லியிருக்கிறாள். இன்னும் முடிவு எடுக்கவில்லை.

படித்தவர்கள் தயவுசெய்து சும்மா போய்விடாதீர்கள். எழிலரசி அதே லாட்ஜில் இருந்து தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா, ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று எதிர் மெஸ்ஸுக்குப் போக வேண்டுமா? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். லாட்ஜ், ஓட்டல் வேலையில் இருப்பவர்களும், இந்த மாதிரி ஃபாரம் எழுதுகிற வேலையில் இருப்பவர்களும் கட்டாயம் பதில் போடுங்கள்.